குதித்த பிறகு திரும்ப முடியாது

பழைய எட்டு பிட் விளையாட்டுகளை விமர்சனம் செய்ய எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். பழைய மெஷினைப் போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரில் மட்டும் ஆடிவிட்டு எழுதக் கூடாது, அசல் மெஷினிலேயே ஆட வேண்டும். என்னிடம் இருப்பது ரப்பர் பட்டன் வைத்த 48கே இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், எண்பதுகளின் பிரிட்டிஷ் வீட்டுக் கணினி. வாங்கி வந்த அன்று பாதி வரிசை பட்டன்கள் வேலை செய்யவில்லை. பட்டன் அழுத்துவதை உணர அடியில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளான மெம்பிரேனின் வால் காய்ந்து வெடித்திருந்தது. விற்றவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. புது மெம்பிரேன் வரவழைத்து மாற்றிய பிறகுதான் எதையும் ஆட முடிந்தது.

இந்த வாரம் ஆடியது மேனிக் மைனர். 1983ல் மேத்யூ ஸ்மித் எழுதி, லிவர்பூலின் பக்-பைட் நிறுவனம் வெளியிட்டது. அப்போது அவருக்கு 17 வயது.

அந்தக் கால விளையாட்டுகள் கேசட்டில் சத்தமாகப் பதிவாகி வரும். கேசட்டுக்குப் பதிலாக நான் போனிலிருந்து ஆடியோ வயர் போட்டுத்தான் லோடு செய்கிறேன். டிவி ஓரத்தில் முதலில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள் ஓடும், அப்புறம் நீலமும் மஞ்சளும். நாலைந்து நிமிடம் ஆகும். நடுவில் ஒரு மெசேஜ் சத்தம் கலந்தால் போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் போனை ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு டிவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தக் காத்திருப்பையும் விளையாட்டின் பகுதியாகவே நினைக்கிறேன்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். வில்லி என்ற சுரங்கத் தொழிலாளி 20 குகைகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மின்னும் சாவிகளைப் பொறுக்கி, காற்று தீர்வதற்குள் வாசலுக்குப் போக வேண்டும். இடது, வலது, குதி. பட்டன் வேலை அவ்வளவுதான்.

அந்தக் குதியைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும். வில்லி தரையை விட்டுக் கிளம்பியதும் அவன் நம் கையில் இல்லை. 18 படிகளில் ஏறி இறங்கும் ஒரே வளைவு, எப்போதும் அதே உயரம், அதே தூரம். நடுவில் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. இன்றைய விளையாட்டுகளில் காற்றில் மிதந்தபடியே தவறைத் திருத்திக்கொள்ளலாம். இங்கே கால் தரையில் இருக்கும்போதே கணக்குப் போட்டு முடித்திருக்க வேண்டும். செத்துப் போனால் குற்றம் யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. இந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்னொரு அதிசயம், ஆடும்போதே பாட்டும் கேட்கிறது. ஸ்பெக்ட்ரமில் தனி சவுண்ட் சிப் கிடையாது. பிராசசரே ஒரே ஒரு பிட்டை மாற்றி மாற்றி ஸ்பீக்கரைத் தட்ட வேண்டும். தட்டும் நேரத்தில் அதற்கு வேறு வேலை ஓடாது. ஸ்மித் திரையை ஒருமுறை வரைந்து முடித்ததும் சுரத்தில் ஒரு துளி தட்டுகிறார், மறுபடி வரைகிறார். அதனால்தான் அந்த மெட்டு கொஞ்சம் கொறகொறவென்று விட்டு விட்டுக் கேட்கும். அதைக் குறை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. குகைகளும் இதே சிக்கனம்தான். ஒன்றுக்கு 1024 பைட், மொத்தம் 20,480. இன்றைக்கு ஒரு சின்ன போட்டோகூட அதற்குள் அடங்காது.

14வது குகையில் மேலிருந்து ஸ்கைலேப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையங்கள் விழுந்து நொறுங்கும். 1979ல் நிஜ ஸ்கைலேப் எங்கே விழுமோ என்று நம்மூரிலும் பயந்தார்கள். அம்மா எட்டிப் பார்த்து, "இது நம்ம தலையில விழப்போகுதுன்னு சொன்னாங்களே, அதா?" என்றார். அதேதான்மா என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குகை முடியும்வரை பார்த்தார்.

குறை என்றால் 19வது குகை. அங்கே ஓர் ஒளிக்கற்றை பாயும், மேலே பட்டால் காற்று மளமளவென்று குறையும். குகைக்குள் உலவும் எதிரிகளான காவல்காரர்கள் நகர நகர அதன் பாதையும் மாறும். அடுத்த நொடி எங்கே பாயும் என்று குதிக்கும் முன் கணக்குப் போட முடியவில்லை. 18 குகைகளில் கட்டிக்காத்த நேர்மை இங்கே தளர்கிறது.

1984ல் தொடங்கிய கிராஷ் என்ற ஸ்பெக்ட்ரம் விளையாட்டுப் பத்திரிகை விளையாட்டுகளுக்குச் சதவீத மதிப்பெண் போட்டது. நான் போடுவதில்லை. ஞாயிறு ராத்திரி ஒரே ஒரு உயிரோடு 19 வரை போனேன். சாவி ஒன்று பாக்கி இருந்தபோது காற்று தீர்ந்துவிட்டது. மெஷினை இன்னும் மேசையை விட்டு எடுக்கவில்லை.