எடிசன் காந்தமும் டண்டர்லேண்ட் இரும்பும்: வீட்ல செஞ்ச மாடல், மூணாவது வாரம்

சின்ன வயசுல வீடு கட்ட கொட்டி வச்ச மணல்ல காந்தத்த உருட்டி கறுப்புத்தூள் சேத்தவங்களுக்கு இது உடனே புரியும். டண்டர்லேண்ட் அயர்ன் ஓர் கம்பெனின்னு ஒரு பிரிட்டிஷ் கம்பெனி, 1902ல ஆரம்பிச்சாங்க, சுரங்கம் நார்வேல, ஆர்க்டிக் வட்டத்துக்கிட்ட ரானா பக்கம். தாது மலையா கெடக்கு ஆனா இரும்பு அதுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான், அப்படியே கப்பல்ல ஏத்துனா கட்டுபடியாகாது. அதனால எடிசனோட முறைய வாங்குனாங்க, ஆமா பல்பு எடிசனேதான். பாறைய பொடியாக்கி மேலேருந்து திரை மாதிரி கொட்டவிட்டு பக்கத்துல காந்தம் வச்சா இரும்பு ஒதுங்கி விழும், மிச்சம் நேரா விழும்.

நான் அட்டைய மடிச்சு அடியில மெல்லிசா ஒரு கீறல் போட்டேன், பழைய ஹார்ட் டிஸ்க்லேருந்து கழட்டுன காந்தம் ரெண்டு, கீழ நடுவுல தடுப்பு வச்ச ட்ரே. மொத தடவ காந்தம் ரொம்ப கிட்ட இருந்ததால கொட்டுன மணல்ல இருந்த கறுப்புத்தூள் தாடி மாதிரி ஒட்டிக்கிட்டு வழிய அடைச்சிருச்சு. ரெண்டு விரக்கடை தள்ளி வச்சேன் பாருங்க, டார்ச் வெளிச்சத்துல கறுப்பு மட்டும் தனியா வளைஞ்சு தடுப்புக்கு அந்தப்பக்கம் விழுது, அவ்ளோ அழகு!

அடுத்து மணலோட செங்காவிப் பொடி கலந்து விட்டேன். காவியும் இரும்புதான், ஹெமடைட்ங்கிற செவப்பு இரும்புத் தாது. ஆனா காந்தத்த கண்டுக்கவே இல்ல, மணலோட சேந்து நேரா போயிருச்சு. கம்பெனி கவுந்ததும் இங்கதான். மேக்னடைட்ங்கிற கறுப்பு இரும்புத் தாதுவ காந்தம் சுண்டி இழுக்கும், டண்டர்லேண்ட் தாதுல பெரும்பங்கு ஹெமடைட். 1906ல ஓட ஆரம்பிச்ச ஆலை 1908ல நின்னுபோச்சு. எடிசன் முறையே தப்புன்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன், நியூ ஜெர்சில அவரோட சொந்த ஆலைல மேக்னடைட் நல்லாவே பிரிஞ்சுது, அத மூட வச்சது அமெரிக்காவுலயே மினசோட்டால இருக்குற மெசாபி சுரங்கங்கள்லேருந்து வந்த மலிவான தாது. தாதுக்கேத்த முறையான்னு பாக்காம பெரிய பேர நம்பி பணத்த கொட்டுனதுதான் தப்பு.

இன்னொண்ணு, தூசி. அரை மணி நேரத்துல எனக்கு மூக்கு, புருவமெல்லாம் செவப்பு. தண்ணியே இல்லாம அரைச்ச அந்த ஆலைல ஷிஃப்ட் முழுக்க நின்னவங்கள நெனச்சா மனசு கனத்துப் போகுது.

இன்னைக்கும் ரானா க்ரூபர்ங்கிற நார்வே கம்பெனி அதே இடத்துல ஹெமடைட்ட பிரிச்சு எடுக்குது. அதனால விடப்போறதில்ல, ஹெமடைட் சாதா மணலவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கனம், காவிக்கல்ல கரகரப்பா இடிச்சு அரிசில கல் அரிக்கிற மாதிரி தண்ணில அரிச்சு பாக்கணும். கல்லு நேத்துதான் கெடச்சுது.