சமையலறைச் சாவி

மனநோயோடு தெருவில் நின்றவர்களை மனநலக் காப்பகத்தில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீங்க. குணமான பிறகும் போக்கிடம் இல்லாமல் வருஷக்கணக்கில் உள்ளேயே கிடப்பவர்கள் பலர். சென்னையின் 'தி பான்யன்' என்ற மனநலத் தொண்டு நிறுவனம் 2015இல் தொடங்கிய 'ஹோம் அகெய்ன்' திட்டம் இதற்கு நல்ல வழி: ஊருக்குள் சாதாரண வாடகை வீடு, நாலைந்து பேர், உதவிக்குப் பணியாளர். யாரோடு யார் தங்குவது என்பதை அவர்களே தேர்வு செய்யணும்.

இப்படிப்பட்ட வீடுகள் கெட்டுப்போவது பெரும்பாலும் சமையலறையில்தான். உதவியாளரே பொங்கி, பரிமாறி, கதவையும் பூட்டினால் வீடு மறுபடி வார்டு ஆகிவிடும். உப்பு கூடினாலும் பரவாயில்லை, குழம்பை அவங்களே கூட்டட்டும். மளிகைச் சீட்டும் வாசல் சாவியும் அவங்க கையில் இருக்கணும். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கி வையுங்க.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, சமூகத்தோடு சேர்ந்து வாழ்வதை உரிமை என்கிறது. வீட்டு உரிமையாளர் தயங்கினால் அதையும் சொல்லுங்க.