மூன்று கணினிகளுக்கு ஒரே முகவரி

சென்ற வாரம் ஒரே உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்) டெம்ப்ளேட்டிலிருந்து, அதாவது முன்பே தயாரித்து வைத்த மூலத்திலிருந்து, மூன்று மெய்நிகர் கணினிகளைக் குளோன் (நகல்) செய்து இயக்கினேன். மூன்றும் குறையின்றித் தொடங்கின. ஆனால் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக முதலாவதில் நுழைந்தால், சிறிது நேரத்தில் இணைப்பு அறுந்தது; மறுபடி நுழைந்தபோது மூன்றாவது கணினிக்குள் இருந்தேன். ஹோஸ்ட் பெயர்களைத் தனித்தனியே வைத்திருந்ததால்தான் அதையாவது கண்டுகொள்ள முடிந்தது. எஸ்எஸ்ஹெச்சுக்கு ஒரு கணினியை அடையாளம் காட்டும் ஹோஸ்ட் சாவிகளும் டெம்ப்ளேட்டோடு சேர்ந்தே நகலாகியிருந்ததால், இது வேறு கணினி என்று வழக்கமாக வர வேண்டிய எச்சரிக்கைகூட வரவில்லை.

கன்சோலில் பார்த்தால் மூன்றிலும் 192.168.10.57 என்ற ஒரே ஐபி முகவரி. பிணைய அட்டைக்குரிய மேக் முகவரிதான் இரட்டித்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். ஆனால் மெய்நிகர் கணினிகளை இயக்கும் கேவிஎம்மின் வழக்கப்படி 52:54:00 என்று தொடங்கிய அவற்றின் கடைசி மூன்று பகுதிகள் ஒன்றுக்கொன்று வேறாகவே இருந்தன. மெய்நிகர் கணினிகளைப் பிணையத்தோடு இணைக்கும் பிரிட்ஜையும் ஃபயர்வாலையும் புரட்டிப் பார்த்ததில் ஒரு மணி நேரம் வீணாயிற்று.

ஐபி முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் டிஹெச்சிபி வழங்கியாக இருந்த டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருளின் லீஸ் கோப்பை, அதாவது எந்தக் கணினிக்கு எந்த முகவரி என்ற பதிவை, திறந்த பிறகே விஷயம் பிடிபட்டது. அங்கே மூன்று வரிகளுக்குப் பதில் ஒரே வரி இருந்தது. அதன் மேக் முகவரி மாறிக்கொண்டே இருக்க, வரியின் கடைசியில் எஃப்எஃப் என்று தொடங்கும் நீண்ட கிளையன்ட் அடையாளம் மட்டும் மாறவே இல்லை. கிளையன்ட் தன் அடையாளத்தை அனுப்பினால், வழங்கி மேக் முகவரியை விட்டுவிட்டு அந்த அடையாளத்தைக் கொண்டே ஆளை அறிகிறது. கணினிக்குள் பிணையத்தைக் கவனிக்கும் சிஸ்டம்டி நெட்வொர்க்டி அந்த அடையாளத்தை, எட்ஸி (/etc) அடைவில் இருக்கும் மெஷின்-ஐடி என்ற 32 எழுத்துக் கோப்பை அடிப்படையாகக் கொண்டு உருவாக்குகிறது. குளோன் செய்யும்போது அந்தக் கோப்பும் அப்படியே வந்துவிடுவதால், வழங்கியின் கண்ணுக்கு மூன்றும் ஒரே கணினிதான்.

பிணைய அமைப்புகளை எழுதிவைக்கும் நெட்பிளான் கோப்பில் டிஹெச்சிபி அடையாளமாக மேக் முகவரியையே அனுப்பும்படி ஒரு வரி சேர்த்தாலும் முகவரிச் சிக்கல் தீரும். எனக்கு அது ஒட்டுப்போடும் வேலையாகவே படுகிறது. ஒரே மெஷின்-ஐடியோடு மூன்று கணினிகள் ஓடிக்கொண்டிருப்பது அப்படியே நீடிக்கும். ஆகவே டெம்ப்ளேட்டிலேயே மெஷின்-ஐடி கோப்பை அழிக்காமல் உள்ளடக்கத்தை மட்டும் காலிசெய்து, நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ள உதவும் டிபஸ் வைத்திருக்கும் அதன் பிரதி தனிக் கோப்பாக இல்லாமல் இதற்கான இணைப்பாக மட்டும் இருப்பதை உறுதிசெய்துகொண்டேன். அது தனிக் கோப்பாக இருந்தால் பழைய எண்ணே அங்கிருந்து திரும்பி வந்துவிடும். பிறகு ஹோஸ்ட் சாவிகளையும் நீக்கிவிட்டு, டெம்ப்ளேட்டை மறுபடி பூட் செய்யாமல் நேரே அணைத்தேன். இங்கே ஒருமுறை பூட் செய்தாலும் புதிய எண் எழுதப்பட்டு, செய்த வேலை பாழாகிவிடும்.

மறுபடி குளோன் செய்ததும் லீஸ் கோப்பில் மூன்று வரிகள் வந்தன. 57-இல் அமர்ந்திருந்த கணினிக்குள் நுழைய முயன்றபோது, ஹோஸ்ட் சாவி மாறிவிட்டது என்று எஸ்எஸ்ஹெச் பெரிய எழுத்துகளில் எச்சரித்தது.