‘ஸ்பானிஷ் தெரியும்’ என்றார்கள்

என் மாமியார் மெக்சிகோவில் பிறந்தவர். கல்யாணமாகி, டெக்சாஸின் எல்லை ஊரான லரேடோவுக்கு வந்து நாற்பது வருடம் அங்கேயே இருந்துவிட்டார். கடை, ஆஸ்பத்திரி, சர்ச் எல்லாமே அங்கே ஸ்பானிஷில் ஓடிவிடும். அதனால் ஆங்கிலம் கற்றுக்கொள்ளும் அவசியமே வரவில்லை. மாமனார் போன பிறகு லரேடோ வீட்டை விற்றுவிட்டு, சான் அன்டோனியோவில் எங்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு வாங்கலாம் என்று முடிவானது. அது 2024 ஆகஸ்ட் கடைசி. ஏஜென்ட் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் வீட்டில் எக்செல் ஷீட் போடுகிறவன் நான்தான்.

ஸ்பானிஷ் பேசும் ஏஜென்ட்தானே, ஒரு நாள் வேலை என்று நினைத்தேன். ஊரில் பாதிப் பேருக்கு மேல் ஹிஸ்பானிக். கார்சியா, மார்ட்டினெஸ், ஹெர்னாண்டஸ் என்று குடும்பப் பெயரைப் பார்த்தே ஐந்து பேருக்குப் போன் போட்டேன். இரண்டு பேர் எடுத்த எடுப்பிலேயே ஒத்துக்கொண்டார்கள்: “பாட்டி பேசுவாங்க. எனக்குப் புரியும், பேச வராது.” நான் அசந்துபோனேன். மனைவி சிரித்தாள். இந்த ஊரில் மூன்று நான்கு தலைமுறையாக இருப்பவர்களுக்கு மொழி எப்படிப் போனது என்று அவள்தான் சொன்னாள். 1960கள் வரை டெக்சாஸ் பள்ளிகளில் ஸ்பானிஷ் பேசினால் அடி விழுந்திருக்கிறது. அடி வாங்கிய பிள்ளைகள், பெற்றோரானதும் தங்கள் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசியிருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் “தமிழ் புரியும், பேச வராது” என்கிறார்கள். ஆனால் நாம் யாரும் அடி வாங்கி விடவில்லை, சோம்பலில் விட்டோம்.

மூன்றாவது ஆள் “சரளமாகப் பேசுவேன்” என்றார். உண்மைதான். எங்கள் வீட்டுக்கு வந்து சமையலறை எப்படி வேண்டும், தோட்டம் வேண்டுமா, மாடிப்படி ஏற முடியுமா என்றெல்லாம் அழகாகப் பேசினார். அப்புறம் ஒப்பந்தத்தை எடுத்தார். 2024 ஆகஸ்ட் 17 முதல், இங்கே பெரும்பாலான ஏஜென்ட்கள் வாங்குபவரிடம் எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் வீடு காட்டக் கூடாது. ஏஜென்ட்டுக்கு எவ்வளவு, அதை யார் தருவது, எத்தனை மாதம் அவரோடு கட்டுப்பட்டிருப்பது எல்லாம் அதில் வந்துவிடும். அந்தக் காகிதம் மேசைக்கு வந்ததும் அவருடைய ஸ்பானிஷ் நின்றுவிட்டது. “இதெல்லாம் ஸ்டாண்டர்டு” என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து, முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டார். மாமியார் “சி, சி” (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் இருந்தது. ஸ்பானிஷில் நம் நீ, நீங்கள் மாதிரி ‘தூ’, ‘உஸ்தெத்’ என்று இரண்டு உண்டு. முப்பது வயதுப் பையன், அறுபத்தேழு வயது அம்மாளை வந்ததிலிருந்து ‘தூ’ போட்டே பேசினார். திமிர் இல்லை, அவர் வீட்டில் கேட்டு வளர்ந்தது அவ்வளவுதான். யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தோம். கதவைச் சாத்தியதும் மாமியார் என்னிடம் கேட்டார்: “மிஹோ (மகனே), நான் இப்போ எதுக்குச் சரி சொன்னேன்?”

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டை வாங்கும்போது நானும் இப்படித்தான் தலையாட்டினேன். தமிழ் பேசும் ஏஜென்ட் கிடைத்ததும் நம்ம ஊர்க்காரர் என்று எனக்கு ஒரே பூரிப்பு. இன்ஸ்பெக்‌ஷன் (வாங்கும் முன் வீட்டைச் சோதிப்பது) எல்லாம் எதற்கு, புது ஏரியாதானே என்றார். சரி என்றேன். ஆறு மாதத்தில் ஏசி போனது. கூரைக்குள் ஏறிப் பார்த்தவர், இது ரொம்ப நாளாகவே ஒழுகியிருக்கிறது என்றார்.

மாமியாருக்கு வேறொரு பயமும் இருந்தது. டெக்சாஸில் ஸ்பானிஷ் பேசும் பகுதிகளில் ‘தே துவேன்யோ ஆ துவேன்யோ’ என்று போர்டு தொங்கும். உடைமைக்காரரிடமிருந்து நேராக உடைமைக்காரருக்கு, பாங்க் வேண்டாம், கிரெடிட் வேண்டாம் என்று அர்த்தம். எல்லாமே மோசடி இல்லை. ஆனால் அவருடைய ஒன்றுவிட்ட தங்கை லரேடோவுக்கு வெளியே இப்படித் தவணையில் நிலம் வாங்கி, ஒன்பது வருடம் பணம் கட்டி, சில தவணை தவறியதும் மொத்தத்தையும் இழந்தார். கடைசித் தவணை வரை பத்திரம் விற்றவர் பெயரிலேயே இருக்கும் வகை ஒப்பந்தம் அது. எல்லைப் பகுதிக் குடியிருப்புகளில் இது பெரிய பிரச்சினையாகி, 1995-ல் டெக்சாஸ் சட்டம் கொண்டுவந்து கடிவாளம் போட்டது. தங்கைக்கு அது காலம் கடந்து வந்த சட்டம். அவரை மோசம் செய்தவரும் அருமையான ஸ்பானிஷ்தான் பேசினாராம். அன்றிலிருந்து யார் வீடு என்று வாயெடுத்தாலும் மாமியாரின் முதல் கேள்வி, “எஸ்க்ரிதூரா யார் பேரில்?” எஸ்க்ரிதூரா என்றால் பத்திரம்.

கடைசியில் ஏஜென்ட் கிடைத்தது என் எக்செல் ஷீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்பானிஷ் பூசை முடிந்து காபி குடிக்கும் இடத்தில், இரண்டு வருடத்துக்கு முன் வீடு வாங்கிய ஒரு பெண்மணி மாமியாரிடம் தன் ஏஜென்ட்டின் நம்பரைக் கொடுத்தார். நான் செய்தது ஒன்றுதான். ஏஜென்ட்களுக்கு லைசென்ஸ் தரும் டெக்சாஸ் ரியல் எஸ்டேட் கமிஷன் தளத்தில் பெயரைப் போட்டு லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, எந்த புரோக்கரின் கீழ் வேலை செய்கிறார், ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா என்று பார்த்தேன். இரண்டு நிமிடம் ஆகவில்லை, இலவசம். என் வீட்டுக்கு இதைச் செய்யத் தோன்றவே இல்லை.

இந்த முறை பேச்சில் நான் தலையிடவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். மாமியாரே கேட்டார்: “கையெழுத்துப் போட்ட பிறகு வீடு பிடிக்கவில்லை என்றால் என் பணம் என்ன ஆகும்?” ஏஜென்ட் அம்மாள் உஸ்தெத் போட்டு, பேப்பர் பேனா எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆரம்பித்தார். டெக்சாஸில் வீடு வாங்கும் ஒப்பந்தத்தில் ‘ஆப்ஷன் பீரியட்’ என்று ஒன்று பேசி வாங்கலாம், பொதுவாக ஐந்திலிருந்து பத்து நாள். அதற்கு ஒரு சின்னத் தொகை, அது திரும்ப வராது. தனியாக அட்வான்ஸ் ஒன்று. அந்த நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் விலகினால் அட்வான்ஸ் திரும்பிவிடும். மாமியார் ஒரு உறையின் பின்பக்கத்தில் இரண்டு கட்டம் வரைந்து ஒன்றில் ‘போகும்’, இன்னொன்றில் ‘வரும்’ என்று எழுதிக்கொண்டார். இருபது நிமிடப் பேச்சு. இடையில் அவர் மூன்று தடவை “இல்லை, புரியவில்லை” என்றார். முந்தைய ஏஜென்ட்டிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஏஜென்ட்டோடு போடும் ஒப்பந்தம் ஆங்கிலத்தில்தான் இருந்தது, கையெழுத்தும் அதில்தான். அவரே வரிவரியாக வாசித்து ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டே போனார். ஆறு மாதம் என்று இருந்ததை மாமியார் மூன்று மாதமாக்கினார். அவருடைய கமிஷன் மூன்று சதவீதம் இரண்டரை ஆனது. எனக்கு வேலையே இல்லை, காபி போட்டேன்.

ஒரு இடத்தில் மட்டும் அந்த அம்மாள் பதில் சொல்ல மறுத்தார். “அந்தத் தெருவில் நம்ம ஆட்கள் இருக்காங்களா?” என்று, முதலில் பார்த்த வீட்டைப் பற்றி மாமியார் கேட்டதற்கு, அதை நான் சொல்லக் கூடாது என்றார். 1968-ன் வீட்டுரிமைச் சட்டப்படி இனம், பூர்வீகம், மதம் பார்த்து ஒருவரை ஒரு பகுதிக்குத் தள்ளிவிடுவதோ தடுப்பதோ சட்டவிரோதம். “சனிக்கிழமை ராத்திரி போய் காரில் உட்கார்ந்து நீங்களே பாருங்கள்” என்றார். போனோம். எதிர் வீட்டுக் கொல்லையில் அக்கார்டியன் பாட்டும் கரி அடுப்புப் புகையும். மாமியாருக்குப் பரம திருப்தி.

ஆனால் அந்த வீட்டை வாங்கவில்லை. சான் அன்டோனியோவின் பல பகுதிகளில் களிமண். வெயிலில் சுருங்கும், மழையில் உப்பும், அஸ்திவாரம் அதோடு ஆடும். படுக்கையறைக் கதவு சாத்தாமல் முட்டியதையும், நிலைக்கு மேலே குறுக்காக ஓடிய விரிசல் மேல் புதுப் பெயின்ட் இருந்ததையும் முதல் நாளே ஏஜென்ட் காட்டியிருந்தார். ஒப்பந்தம் போட்ட பிறகு வீட்டைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர், ஒரு மூலை இறங்கியிருக்கிறது என்றார். ஆப்ஷன் முடிய இரண்டு நாள் இருந்தது. நான் விலையைக் குறைத்துக் கேட்கலாம் என்றேன். மாமியார் உறையைத் தேடி எடுத்து, ‘போகும்’ கட்டத்தில் விரலை வைத்து, “இருநூறு டாலர்தானே, போகட்டும்” என்றார். அட்வான்ஸ் இரண்டாயிரம் திரும்பி வந்தது. இன்ஸ்பெக்டர் பீஸ் போனது போனதுதான்.

இரண்டாவது வீடு அக்டோபரில் அமைந்தது. கடன் கொஞ்சம்தான், அந்தக் கதை நீளம், விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் சொல்லலாம்: கடன் தருபவர் கொடுக்கும் மதிப்பீட்டுப் படிவத்தின் (லோன் எஸ்டிமேட்) ஸ்பானிஷ் வடிவத்தை அமெரிக்க அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அலுவலகமே தளத்தில் வைத்திருக்கிறது. ஆங்கிலப் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்து, பெட்டிக்குப் பெட்டி ஒத்துப் பார்க்கலாம். வரி விஷயத்தையும் ஏஜென்ட்தான் நினைவுபடுத்தினார். சொந்தக் குடியிருப்பு என்று பதிந்தால் பள்ளிகளுக்கான சொத்து வரிக்கு வீட்டு மதிப்பில் அப்போது 1,00,000 டாலர் கழியும். 65 வயது தாண்டியவர்களுக்குப் பள்ளி வரி ஒரு அளவுக்கு மேல் ஏறாது. பெக்சர் கவுன்ட்டி மதிப்பீட்டு அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். (எழுத்தில்தான் பெக்சர், இந்த ஊர் வாயில் அது ‘பேர்’.)

பத்திர நாளன்று மாமியார் முத்துமாலை போட்டு, பாதிரியாரைப் பார்க்கப் போகிற மாதிரி கிளம்பினார். நொதாரியோவைப் பார்க்கப் போகிறாரே! மெக்சிகோவில் நொதாரியோ என்றால் பெரிய வக்கீல், பத்திரத்தை எழுதி அதற்குப் பொறுப்பேற்கிறவர். அமெரிக்க நோட்டரி அடையாள அட்டையைப் பார்த்து முத்திரை குத்துவதோடு சரி. இந்தக் குழப்பத்தை வைத்துப் பணம் பறிக்கிறவர்கள் இருந்ததால், நோட்டரிகள் ‘நொதாரியோ பூப்ளிக்கோ’ என்று போட்டுக்கொள்வதையே டெக்சாஸ் சட்டம் தடுத்திருக்கிறது. பத்திர வேலையை முடித்துத் தரும் டைட்டில் கம்பெனியில் வந்து உட்கார்ந்தது இருபத்தைந்து வயதுப் பெண், கையில் ஐஸ் காபி. மாமியார் ஏஜென்ட் காதில், “நொதாரியோ எப்போ வருவார்?” என்று கேட்டார். எஸ்க்ரிதூராவில் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று விரல் வைத்துப் படித்த பிறகுதான் பேனாவை எடுத்தார்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் சாவியைக் கையில் வாங்கியதும் ஏஜென்ட்டைக் கட்டிக்கொண்டார். இனிமேல் என்னை ‘தூ’ என்றே கூப்பிடு என்றார். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் மருமகனாகிப் பதினோரு வருடம் ஆகிறது. எனக்கு அந்த அனுமதி இன்னும் வரவில்லை.