ஜிப்ஸி பானெட் சிவந்தது, ஒரு விளிம்பு போனது

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, வெளுத்துப் போயிருந்த என் பழைய ஜிப்ஸியின் பானெட்டில் வேப்பமரக் கிளை தெரிந்தது. மங்கலாக இல்லை, இலை இலையாக. மூன்று வாரமாக அந்தக் காட்சிக்குத்தான் காத்திருந்தேன். அந்தச் சந்தோஷத்தில் இன்னும் ஒரே ஒரு தடவை ஓட்டிவிடலாம் என்று பாலிஷரைக் கையில் எடுத்தேன் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது. டிரைவர் பக்கம் பானெட் மடிப்பில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சாம்பல் நிற ப்ரைமர், அதாவது நிறத்துக்கு அடியில் அடிக்கும் முதல் பூச்சு, இப்போது என்னைப் பார்த்து இளிக்கிறது.

வண்டி 1998 மாருதி ஜிப்ஸி கிங். 1.3 லிட்டர், துணிக்கூரை, கார்புரேட்டர். கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீச்சும் எம்பிஎஃப்ஐ வந்தது 2000-ல், இது அதற்கு முந்தைய ஆள். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் உழைத்துவிட்டு, பிறகு ஆறு வருஷம் தாம்பரத்தில் வெட்டவெளியில் கவர்கூட இல்லாமல் நின்றிருக்கிறது. ஆர்சி புத்தகத்தில் நிறம் சிவப்பு. நான் வாங்கும்போது ரோஸ்மில்க். அதுவும் ஐஸ் கரைந்து நீர்த்துப் போன ரோஸ்மில்க். கையால் தடவினால் உள்ளங்கை முழுக்கச் சிவப்புப் பொடி. மாடி வீட்டு மாமி கேட்டே விட்டார்: "என்னப்பா, காலங்கார்த்தால கோயிலுக்குப் போயிட்டு வந்தியா? கையெல்லாம் குங்குமமா இருக்கே!"

பெயின்டர் ஒருவரிடம் காட்டினேன். "ரப்பிங்லாம் வேஸ்ட் சார், சுரண்டிட்டு முழுசா அடிச்சுடலாம்" என்று 45,000 சொன்னார். நண்பன் ஒருவன் அடிக்கிறதுதான் அடிக்கிற, மிலிட்டரி பச்சை அடி, கெத்தா இருக்கும் என்றான். ஜிப்ஸி வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த ஆசை ஒரு தடவையாவது வரும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 121-வது விதியைப் படித்துவிட்டு ஆசைப்படுங்கள். ஆலிவ் பச்சை ராணுவத்துக்கு மட்டும். வேறு எந்த நிறத்துக்கு மாற்றினாலும் ஆர்சியில் ஏற்ற வேண்டும். எனக்கு ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் நிற்கும் தெம்பு இல்லை. அதைவிட, கம்பெனியில் அடித்த பெயின்ட் ஒரு வண்டிக்கு ஒரே தடவைதான். இருக்கிறதைக் காப்பாற்ற முடியுமா என்று பார்க்காமல் சுரண்ட மனசு வரவில்லை.

பானெட்டைத் தூக்கிக் கீல் பக்கம் துடைத்துப் பார்த்தேன். வெயிலே படாத அந்த இடத்தில் செம்பருத்திச் சிவப்பு அப்படியே இருந்தது. வெள்ளை பனியன் துணியில் துளி பாலிஷ் தொட்டு பானெட் ஓரத்தில் தேய்த்தால் துணி சிவந்தது. ஆக, மேலே நிறமில்லாத காப்புப் பூச்சான கிளியர் கோட் கிடையாது; நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருக்கும் சிங்கிள் ஸ்டேஜ். நிம்மதி. கிளியர் கோட் வெந்து உரிந்திருந்தால் எந்தப் பாலிஷும் உதவாது. சிங்கிள் ஸ்டேஜில் செத்துப் போவது மேல்தோல் மட்டும்தான். வெயில் பிசினைத் தின்றுவிடுகிறது, பிடிமானம் போன நிறப்பொடி சுண்ணாம்பு மாதிரி மேலே நிற்கிறது, வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுவதால் வெளுப்பாகத் தெரிகிறது. அடியில் உயிர் இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அதற்குப் பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டர். பழைய கார் பார்த்து வாங்கிக் கொடுக்கும் வேலை செய்யும் நண்பரிடம் இரண்டு நாள் கடன் வாங்கினேன். பானெட் நடுவில் 95 முதல் 105 மைக்ரான். சாதாரண ஏ4 தாள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 100 மைக்ரான். அந்த ஒரு தாளுக்குள்தான் ப்ரைமர், சிவப்பு எல்லாம் அடங்கியிருக்கிறது. கதவுகள் 110 பக்கம். டிரைவர் பக்கம் பானெட் மடிப்பு 62. இந்த 62-ஐ நோட்டில் எழுதி, அடிக்கோடு போட்டு, வட்டமும் போட்டேன். அதற்கப்புறமும்தான் அப்படிச் செய்தேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

இடதுபுற ஃபெண்டர் 240 காட்டியது. துணித் தேய்ப்பில் சிவப்பு வரவில்லை. யாரோ எப்போதோ இடித்து, பட்டி போட்டு, மேலே கிளியர் அடித்திருக்கிறார்கள். விளக்குக்கு மேலே வெயிலில் வெந்த முதுகுத் தோல் மாதிரி உரிகிறது. அதைத் தொடப் போவதில்லை.

கழுவுவது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தண்ணீரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. எங்கள் போர் தண்ணீரில் பக்கெட்டே ஒரு மாதத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். ஓட்டை ஓட்டையாகக் கிடக்கும் பெயின்ட்டில் அது காய்ந்தால் ஒவ்வொரு சொட்டும் ஒரு வளையம். முதல் வாரம் அப்படிப் பதினைந்து இருபது வளையம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வினிகரைத் தண்ணீரில் கலந்து துடைத்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போது கடைசி அலசலுக்கு மெட்ரோ வாட்டர் இரண்டு குடம் தனியாக. வீட்டில் இதற்காக நடந்த சண்டையை இங்கே எழுத முடியாது.

இனி எண்ணெய் ஊறல். இந்தப் பதிவே இதற்காகத்தான்.

வெளுத்த சிங்கிள் ஸ்டேஜில் நேராக காம்பவுண்ட் (மேல்தோலை வெட்டி எடுக்கும் தேய்ப்புப் பசை) போட்டு மெஷின் ஓட்டினால் பளபளப்பு வரும், மறுக்கவில்லை. ஆனால் வறண்ட பெயின்ட் தேய்ப்பைத் தாங்காது, மாவு மாதிரி உதிரும். இருக்கிற கொஞ்சத்தில் பாதியை வெட்டி எறிந்த பிறகுதான் நிறம் தெரியும். அதற்கு முன்னால் அதற்கு எண்ணெய் குடிக்கக் கொடுக்க வேண்டும். பழைய கார் ஆட்கள் எல்லோரும் சொல்வது மெக்வயர்ஸ் நம்பர் 7 கிளேஸ். வெட்டும் தூள் எதுவும் கிடையாது, முழுக்க எண்ணெய்ப் பசை. மெஷினும் வேண்டாம், ஸ்பாஞ்சும் வேண்டாம், டர்க்கி டவல்தான். அந்த நூல் வளையங்கள்தான் செத்த தோலைப் பிறாண்டி எடுக்கின்றன. மைக்ரோஃபைபர் இதற்கு ரொம்ப மரியாதை தெரிந்த துணி.

டவலை ஓரடிச் சதுரமாக வெட்டி நாலாக மடித்தேன். கிளேஸைக் கஞ்சத்தனம் பார்க்காமல் ஊற்றி, தோள் வலிக்க அழுத்தித் தேய்த்தேன். முதல் துணி இரண்டே நிமிஷத்தில் காய்ந்த ரத்தம் மாதிரி ஆகிவிட்டது. பானெட்டுக்கு மட்டும் பதினோரு துண்டு. அழுக்குப் பசையைத் துடைத்து எடுத்தபின் புதிதாக ஒரு தடித்த பூச்சு, துடைக்காமல் அப்படியே விட்டுவிட்டுப் படுக்கப் போனேன்.

காலையில் வந்து பார்த்தால் பூச்சைக் காணோம். மாதக்கணக்கில் எண்ணெய் காணாத தலையில் ஒரு கை நல்லெண்ணெய் வைத்தால் போன இடம் தெரியாதே, அப்படி. ஆனால் ரோஸ்மில்க் போய்ச் செங்கல் நிறம் வந்திருந்தது. இரண்டாவது ராத்திரியும் அதே வேலை. காலையில் அங்கங்கே திட்டுத் திட்டாக ஈரம் நின்றது. ஈரம் நிற்கும் இடம் குடித்து முடித்துவிட்டது, காய்ந்த இடத்துக்கு இன்னும் தாகம் என்று கணக்கு. பானெட்டின் முன்பகுதி, கண்ணாடியை ஒட்டிய பகுதியைவிட ஒரு ராத்திரி கூடக் கேட்டது. மூன்றாவது ராத்திரிக்குப் பிறகு விரலை வைத்து இழுத்தால் தடங்கல் இல்லாமல் வழுக்கியது. அதுதான் அடையாளம். நாள் கணக்கு பார்க்காதீர்கள், விரலைக் கேளுங்கள்.

மூன்றாவது ராத்திரி எங்கள் குடியிருப்புப் பூனையும் விரலை வைத்துப் பார்த்திருக்கிறது. கிரில்லிலிருந்து வைப்பர் வரை பதினான்கு கால் தடம், கடைசியில் உட்கார்ந்த தடம் ஒன்று. அவ்வளவு பசை, அவ்வளவு முடி. மறுபடி துடைத்து, மறுபடி பூசி, ஒரு நாள் வீண்.

வாட்ச்மேன் அண்ணன் தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து துடைக்கச் சொன்னார். "அந்தக் காலத்துல அம்பாசடருக்கு நாங்க அதான்பா போடுவோம்" என்றார். சும்மா இல்லாமல் பின்கதவில் கொஞ்சம் முயன்று பார்த்தேன். அன்றைக்குச் சாயங்காலம் வரை ஜொலித்தது. இரண்டாம் நாள் ஜிஎஸ்டி ரோட்டுத் தூசி மொத்தமும் அங்கே குடியேறியிருந்தது. அண்ணனிடம் சொல்லவில்லை.

ஊறல் முடிந்த பிறகுதான் மெஷின். 15 மிமீ டூயல் ஆக்‌ஷன் (சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும் பாலிஷர்), நடுத்தர ஃபோம் பேட், ஒன்றரை அடிச் சதுரத்துக்கு நாலு ஓட்டம். வெயில் ஏறினால் காம்பவுண்ட் பேட்டிலேயே காய்ந்து வறுபட்டுவிடும் என்பதால் காலை ஐந்தரை முதல் எட்டு வரைதான் வேலை. மெஷின் சத்தத்துக்குக் கீழ் வீட்டுக்காரர் ஜன்னலை அறைந்து சாத்தினார், அவ்வளவோடு விட்டார். இங்கே ஒரே ஒரு விஷயம்: பேட்டைச் சுத்தம் செய்யுங்கள். கிளியர் கோட் வண்டி மாதிரி இல்லை, வெட்டிய சிவப்பெல்லாம் பேட்டில்தான் ஏறுகிறது. ஒரு சதுரம் முடிந்ததும் பழைய டூத் பிரஷை ஓடும் பேட்டில் பிடித்தால் சிவப்புத் தூள் பறக்கும். அதைச் செய்யாமல் அடுத்த சதுரத்துக்குப் போனால் பேட்டே வாட்டர் பேப்பராகிவிடும், சூடும் ஏறும். ஐந்து பேட்டை மாற்றி மாற்றிப் போட்டேன். ஊறவைத்த பக்கெட்டில் பீட்ரூட் சாறு.

மெஷின் தொடங்கும் முன் மடிப்புகள் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தேன். அதுவரை புத்திசாலி. வேலை முடிந்து டேப்பை உரித்தபோது, ஒட்டியிருந்த இடம் மட்டும் மங்கலாக ஒரு இஞ்ச் கோடு. மற்றதெல்லாம் கண்ணாடி, இது மட்டும் கோடு. கையால் பத்து நிமிஷம் தேய்த்தால் போயிருக்கும். நான் மெஷினைச் சாய்த்து வைத்தேன். சமதளத்தில் பேட் முழுக்கப் பரவும் அழுத்தம், மடிப்பில் ஒரு நூல் கோட்டில் வந்து இறங்குகிறது. மூன்று வினாடி இருக்கும். முதலில் சிவப்புக்குள் இளஞ்சிவப்பாக ஒரு வட்டம். அது பளபளப்பு என்று நினைத்தேன். நடுவில் சாம்பல் எட்டிப் பார்த்த பிறகுதான் மெஷினை அணைத்தேன். நோட்டில் 62, வட்டம் போட்டு, பக்கத்திலேயே ஸ்டூலில் திறந்து கிடந்தது.

சாமான் வாங்கிய கதை. டேப், துணி, பேட் எல்லாம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு நடையில் கிடைத்துவிட்டது. கிளேஸ் ஆன்லைனில்தான். காம்பவுண்டை முதலில் ஒரு கடையில் லூஸில் வாங்கினேன், பெரிய கம்பெனி டப்பாவிலிருந்து சின்ன பாட்டிலுக்கு ஊற்றியது என்றார்கள். திறந்தால் மண்ணெண்ணெய் வாடை. ஓட்டியதும் கீறல் எல்லாம் மறைந்தது, ஒரு கழுவலில் எல்லாம் திரும்பி வந்தது. உள்ளே இருந்தது அடைப்புப் பசை. சீல் உடையாத பாட்டில் தவிர எதையும் வாங்காதீர்கள். மலிவு டேப்பும் வேண்டாம், வெயிலில் பிசினை விட்டுவிட்டுத் தாள் மட்டும் கையோடு வருகிறது.

இப்போது நிலைமை என்னவென்றால், பானெட்டுக்கு மெழுகு போட முடியாது. போட்டால் டச்சப் பெயின்ட் ஒட்டாது. போடாமல் விட்டால் இந்த வெயிலில் மறுபடி வறளும். பழைய வேட்டியை நாலாக மடித்துப் போர்த்தி, நிழலில் நிறுத்தியிருக்கிறேன். பானெட்டுக்குள்ளிருந்து சின்ன பிராக்கெட் ஒன்றைக் கழற்றிக் கொண்டுபோய் மிக்சிங் கடையில் நிறம் பிடிக்கலாம் என்று கிளம்பினேன். பாதி வழியில்தான் உறைத்தது: வெயில் படாத பிராக்கெட்டின் சிவப்பும் மீண்டு வந்த பானெட்டின் சிவப்பும் ஒன்றில்லை, பானெட் ஒரு படி வெளிறல். திரும்பி வந்துவிட்டேன். வண்டியையே கடை வாசலுக்கு ஓட்டிப்போய், பகல் வெளிச்சத்தில் பானெட் பக்கத்தில் வைத்துக் கலக்கச் சொல்ல வேண்டும். பூசும் முன் அந்த நகம் அளவு இடத்தை மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும், எண்ணெயெல்லாம் உள்ளே ஊறிக் கிடக்கிறதே.

நடுவில் பழைய உதிரி பாகங்களுக்காகப் புதுப்பேட்டைக்கு ஒரு நடை போனேன். இரும்பு ரிம் நாலு கண்ணில் பட்டது, விலை படியவில்லை. முன்பக்கக் கமான் பட்டைகளும் தொய்ந்து போயிருக்கின்றன, கழற்றிப் பிரித்து கிரீஸ் வைத்தாலே பாதி முனகல் போய்விடும் என்கிறார் மெக்கானிக். அது முடிந்தால் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவையும் இந்த வண்டியில் ஏற வேண்டும் என்று வாங்கிய அன்றே முடிவு செய்தது. ஃபெண்டர் உரிந்தபடியே வரட்டும், மலைக்குப் போகும் வண்டிக்கு ஒரு தழும்பு இருந்தால் என்ன.

இன்றைக்கு ராத்திரி டிரைவர் பக்கக் கதவுக்கு முதல் ஊறல். டவல் வெட்டியாயிற்று. பூனைக்கு மீன் தலை இரண்டு வாட்ச்மேன் கேபின் பக்கம் வைத்திருக்கிறேன்.