விறைத்துப்போகும் தமனிகள்

என் தந்தையின் இரத்த அழுத்தத்தை வீட்டிலேயே அளந்து குறித்து வரும் நான், மேல் அளவு 160-ஐத் தொட்டபோதும் கீழ் அளவு 70-இலேயே நின்றதைப் பார்த்து, அதுவாவது சீராக இருக்கிறதே என்று நெடுநாள் ஆறுதல் அடைந்திருந்தேன், அது தவறு. இரண்டுக்கும் நடுவே விரிந்திருக்கும் அந்த 90 என்ற இடைவெளியே, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி விறைத்திருப்பதன் அடையாளமாக இருக்கக்கூடும்.

நெகிழ்வுள்ள பெருந்தமனி, இதயம் சுருங்கும்போது விரிந்து இரத்தத்தின் ஒரு பகுதியைத் தன்னுள் தாங்கிக்கொண்டு, இதயம் தளரும்போது மெல்லச் சுருங்கி அதை முன்னே அனுப்புகிறது. இந்த நெகிழ்வைத் தரும் எலாஸ்டின் என்னும் புரத இழையை, வளர்ந்த பிறகு உடல் மிக அரிதாகவே புதிதாக உருவாக்குகிறது. ஆண்டுக்கணக்கில் உயர் அழுத்தம் மோதும்போது அந்த இழைகள் சிதைகின்றன, விறைப்பான கொலாஜன் என்னும் புரதம் பெருகுகிறது. விறைத்த தமனியோ மேல் அளவை இன்னும் உயர்த்துகிறது. எது முதலில் தொடங்கியது என்று பிரித்துச் சொல்வது பலரிடம் கடினம்.

கழுத்துத் தமனியிலிருந்து தொடைத் தமனி வரை நாடி அலை செல்லும் வேகத்தைக் கொண்டு இந்த விறைப்பை அளக்கிறார்கள். நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் அது கவனிக்க வேண்டிய நிலை. கீழ் அளவு மிகவும் தாழ்ந்தால் இதயத் தசைக்குச் செல்லும் இரத்தமே குறையக்கூடும் என்பதைத் தாமதமாகத்தான் அறிந்தேன். இப்போது குறிப்பேட்டில் அந்த இடைவெளிக்கென்று தனியாக ஒரு நெடுவரிசை வரைந்திருக்கிறேன்.