பழைய சிலிகான்

"மேல பூசிட்டுப் போனா அரை மணி நேர வேலைங்கண்ணா. ஆனா நிக்காதுங்க."

ஏற்காட்டில் மழைநீர் ஒழுகிய அக்கா வீட்டு ஜன்னலைச் சரிசெய்ய வந்த தம்பி இப்படிச் சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்தார்.

சுவர் பக்கம் ஒரு கீறல், அலுமினியச் சட்டத்தின் பக்கம் ஒரு கீறல். நுனியைப் பிடித்து இழுத்ததும், இடுக்கை அடைத்திருந்த பழைய சிலிகான் பசை வாழைநார் மாதிரி நீளமாக உரிந்து வந்தது. அடியில் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை.

ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்தைத்தான் வெகுநேரம் சுரண்டினார். பழைய சிலிகான் மேல் புது சிலிகான் சரியாகப் பிடிக்காது. அப்புறம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் காயவிட்டார்.

கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் வெளியேற விட்டிருந்த சின்ன ஓட்டைகளையும் முன்பு யாரோ பூசி அடைத்திருக்கிறார்கள். மழைநீர் வீட்டுக்குள் வந்ததே அதனால்தான்! அவற்றைக் குத்தித் திறந்துவிட்டார்.

பூசக் கூலி கேட்டால் கொடுத்துவிடுகிறோம். சுரண்டக் கேட்டால் பேரம் பேசுகிறோம். அவர் கேட்ட கூலியை அக்கா குறைக்காமல் கொடுத்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மலையில் வீடு வைத்திருப்பவர்கள் ஐப்பசி மழைக்கு முன்னால் ஜன்னலின் கீழ்ச்சட்டத்தை ஒருமுறை பாருங்கள். ஓட்டை அடைந்திருந்தால் முதலில் அதைத் திறக்கச் சொல்லுங்கள்.